ஜூனில் கட்டணம், தையில் உதவித்தொகை

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் வழக்கமான நாள் ஜூன் 12. மயிலாடுதுறை காவிரியின் கடைமடை. திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி இங்கே வந்து சேரும் முன்பே குறுவைச் செலவு தொடங்கிவிடும். உழவு, விதைநெல், டிஏபி உரம், நடவு ஆட்களுக்குக் கூலி என்று வீட்டில் இருக்கிற காசெல்லாம் வயலுக்குப் போகிற காலம் அது. அதே சமயத்தில்தான் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரியில் கட்டணம் கட்டச் சொல்வார்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கைக்கு வருவது தை, மாசியில். உதவித்தொகையும் பெரும்பாலும் கல்வியாண்டின் பின்பாதியில்தான் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஆக, இரண்டு செலவும் ஒன்றாக வருகின்றன, இரண்டு வரவும் ஒன்றாகத் தாமதிக்கின்றன. நடுவில் கிடக்கிற ஏழெட்டு மாதத்தை இங்கே பல குடும்பங்கள் நகையை வைத்தே தாண்டுகின்றன. 2024-ல் அணை ஜூலை 28-ல்தான் திறந்தது. அந்த மாதிரி ஆண்டில் வைப்பதற்கு நகை மிஞ்சியிருந்தால் அதுவே பெரிது.

கல்வி உதவித்தொகை பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் திட்டங்களைப் பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் இணைய முகவரி கொடுத்து முடித்துவிடுவார்கள். பட்டியலுக்குக் குறைவில்லை. மாநில அரசு, மத்திய அரசு, நல வாரியங்கள், அறக்கட்டளைகள் என்று எண்ணினால் கை விரல் போதாது. ஒரு பிள்ளைக்கு உதவி கிடைக்குமா என்பதை இந்தப் பட்டியலின் நீளம் தீர்மானிப்பதில்லை. எந்த வழியில் கல்லூரியில் சேர்ந்தாள், எந்தச் சான்றிதழ் எந்த மாதம் கையில் இருந்தது, எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தது என்பவைதான் தீர்மானிக்கின்றன. மதிப்பெண் கூட இவற்றுக்குப் பிறகுதான்.

சான்றிதழைச் சலித்துக்கொள்ளும் முன் கொஞ்சம் பின்னால் பார்க்கலாம். சான்றிதழே கேட்காத உதவி இந்த மண்ணில் ஒரு காலத்தில் இருந்தது. 1871-ல் உ.வே.சாமிநாதையர், அன்று மாயூரம் எனப்பட்ட மயிலாடுதுறைக்கு வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வீட்டில் வறுமை. குத்தாலம் பக்கத்துத் திருவாவடுதுறை ஆதீனம் ஆசிரியரையும் மாணவர்களையும் ஆதரித்தது. சாப்பாடு, தங்க இடம், சுவடி எல்லாம் மடத்திலிருந்து வந்தன. அந்த ஆதரவு இல்லாமல் பிற்காலத்தில் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த அந்தத் தமிழறிஞர் இல்லை. ஆனால் அந்த வாசலுக்குள் யார் நுழைய முடிந்தது? ஆசிரியர் ஒருவரின் சொல்லும், மடாதிபதியின் மனசும், பிறந்த சாதியும்தான் விண்ணப்பம். வயலில் நாற்று நட்டவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பந்தியில் இலை போடவில்லை. மாவட்டத்தின் இன்னொரு மூலையில், தரங்கம்பாடியில், 1706-ல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு பள்ளி நடத்தினார், பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. அதுவும் மிஷன் விரும்பிய கொடைதான்.

கொடை உரிமையானதற்கு ஒரு தேதி சொல்ல வேண்டுமானால் 1944-ஐச் சொல்லலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை அந்த ஆண்டில் தொடங்கியது. அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த அம்பேத்கர் அதற்காக வாதாடியவர். அவரே பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா போய்ப் படித்தவர். ஒரு மன்னரின் தயவில் படித்தவர், தனக்குப் பின்னால் வருகிறவர்கள் யார் தயவையும் எதிர்பார்க்கக் கூடாது என்று நினைத்தார். இன்று ஈ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வருமானச் சான்று வாங்குவது எரிச்சலான வேலைதான். ஆனால் அந்தக் காகிதம் வந்ததால்தான் சிபாரிசு போனது. காகிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே காகிதத்தை எத்தனை முறை, எந்த நேரத்தில் கேட்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

இந்த மாவட்டத்துக்கே உரிய திட்டம் ஒன்று உண்டு. பெயரளவிலாவது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார், 1883-ல் பிறந்தவர். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர், அந்த அனுபவத்தை வைத்து 1936-ல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். 1989-ல் தமிழக அரசு அவர் பெயரில் திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. பெண் படித்திருந்தால்தான் உதவி என்று நிபந்தனை வைத்ததால், கல்யாணத்துக்காகவாவது பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பது கணக்கு. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதே பெயரில் அரசு திட்டத்தையே மாற்றியது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்குப் போயிற்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ல் தொடங்கிய இதைத்தான் புதுமைப் பெண் என்கிறோம். கல்யாணச் சந்தையில் பெண்ணைப் பண்டமாக்குவதை எதிர்த்த ஒருத்தியின் பெயர் முப்பது வருஷத்துக்கு மேல் கல்யாண உதவியில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், இந்த மாற்றம் அவருக்குச் செய்த பிராயச்சித்தம் போலவே எனக்குத் தெரிகிறது. தங்கத்தை நிறுத்தியதில் வருத்தப்பட்ட தாய்மார்களும் உண்டு. கல்யாணச் செலவு இன்னும் குறையவில்லையே, அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

மாதம் ஆயிரம் பெரிய தொகை இல்லை. ஆனால் அது செய்கிற வேலை வேறு. கட்டணம் கட்ட அது வரவில்லை. தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ், மதியம் ஒரு தயிர்சாதம், இப்படி அப்பாவிடம் கேட்கக் கூசுகிற செலவுகளுக்கு அது வருகிறது. சீர்காழிப் பக்கத்திலிருந்து மன்னம்பந்தலுக்கோ பூம்புகார் கல்லூரிக்கோ சாதாரணக் கட்டணப் பேருந்தில் போகிற பெண்ணுக்கு 2021 மே மாதத்திலிருந்து பயணக் கட்டணமும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும். பையன்களுக்கு இதே தொகையைத் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்ட் 9-ல் கொண்டுவந்தார்கள். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் அந்த ஆண்டு டிசம்பர் 30 முதல் சேர்த்துக்கொண்டார்கள். பழைய உதவிபெறும் பள்ளிகள் நிறைய இருக்கிற டெல்டாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதி உள்ளவர்கள்தான். இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, அமைப்பை. வருமான வரம்பு இல்லை, ஆகவே வருமானச் சான்றும் இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைத் தடுப்பதில்லை. எங்கே படித்தாய் என்பதைப் பள்ளியின் எமிஸ் என்ற இணைய மாணவர் பதிவே சொல்லிவிடும். பணம் மாதாமாதம் வரும். மற்ற திட்டங்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன்.

கட்டணத்துக்கு வருவோம். உதவித்தொகை விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறோம் என்பதைவிட எந்த வாசல் வழியாகச் சேர்கிறோம் என்பது பத்து மடங்கு முக்கியம். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணமே சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அங்கே விடுதி இடம் கிடைத்தால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பொதுப்பெயர் வைத்தார்கள். பெயர் எதுவானாலும், சோறும் படுக்க இடமும் அங்கே இலவசம்.

பொறியியல், மருத்துவம் என்றால் வாசல் கலந்தாய்வு. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்தது. அதில் இடம் பிடித்தவரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை 2010 முதல் இருக்கிறது. சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. பொறியியலுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழியும். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா பட்டதாரியானால் தம்பிக்குக் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியிலும் அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசு ஏற்கும். 2012-ல் வந்த அரசாணை 92 என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்றாலும், "முதலில் கட்டுங்கள், பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று கேட்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. மேலே சொன்ன ஜூன் மாதச் சிக்கல் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சலுகைகள் எல்லாமே கலந்தாய்வு வழியாக வருகிறவர்களுக்கு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை இல்லை, 7.5 இல்லை, பட்டியல் சாதி மாணவருக்கான உதவித்தொகையும் இல்லை. மே மாதம் ஊர் ஊராக வருகிற ஏஜெண்டு இதைச் சொல்ல மாட்டார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலோ பெங்களூரிலோ ஒரு கல்லூரியின் வண்ண மடலை நீட்டி, "ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தருகிறோம், இன்றே ஐயாயிரம் கட்டி ஒரிஜினலைக் கொடுங்கள்" என்பார். ஒரிஜினலைக் கொடுத்த கணமே பையன் மாட்டிக்கொண்டான். அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு அதிகாரம் கிடையாது, விலகினால் கட்டணத்தை விதிப்படி திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. இருந்தாலும் கொடுத்துவிட்டு மீட்கப் போராடுவதைவிடக் கொடுக்காமல் இருப்பது சுலபம்.

இனி சான்றிதழ்கள். வருமானச் சான்றுக்கு ஈ-சேவையில் பதிந்தால் அது கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்தாகி வரும். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு போதும். குத்தகை விவசாயிக்கு? இந்த மாவட்டத்தில் கோயில், மட நிலங்களைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். பட்டா ஆதீனத்தின் பெயரிலோ சாமியின் பெயரிலோ இருக்கும். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அப்பா பெயரில், தாத்தா பெயரில் பதிந்ததை மாற்றாமலே உழுகிறவர்கள்தான் அதிகம். ஆகவே அவருடைய வருமானம் என்ன என்பது விஏஓவின் மதிப்பீடு. குறுவை விளைந்த வருஷமும் சம்பா மூழ்கிய வருஷமும் காகிதத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு வகையில் அது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் புதிதாக அதே மதிப்பீட்டுக்கு நடக்க வைப்பதில் என்ன லாபம் என்று தெரியவில்லை.

மத்திய அரசு நிறுவனங்களுக்குப் போகிற பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மாநிலத்தின் சாதிச் சான்று அங்கே போதாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமானாலும் திருச்சி என்.ஐ.டி.யானாலும் ஓபிசி சான்று தனியாக வேண்டும். அதில் எட்டு லட்ச வருமான வரம்பைப் பார்க்கும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரே அப்பாவின் வருமானம் ஒரு சான்றில் ஒரு கணக்காகவும் மறு சான்றில் வேறு கணக்காகவும் வரலாம். இரண்டும் சரிதான்.

பிறகு இன்ஷியல். ஆதாரில் "கவிதா செ", மாற்றுச் சான்றிதழில் "செ. கவிதா", வங்கிப் புத்தகத்தில் "கவிதா செல்வராஜ்". தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது கணினிக்குத் தெரியாது. தேசிய உதவித்தொகை தளம் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒத்துப் பார்க்கிறது. ஒரு புள்ளி இடம் மாறினால் விண்ணப்பம் கல்லூரியிலேயே நிற்கும், அல்லது குறையுள்ளது என்று திரும்பி வரும். திரும்பி வந்ததை மாணவர் கவனிக்காமல் விட்டால் கடைசித் தேதி போய்விடும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் முன்பே மூன்று ஆவணத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்து, ஆதாரைத் திருத்திவிடுவது ஒன்றே வழி.

வங்கிக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. உதவித்தொகை நாம் எழுதிக்கொடுத்த கணக்குக்கு வருவதாக நினைக்கிறோம். ஆதார் வழிப் பணப்பரிமாற்றத்தில் அது கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைந்ததோ அங்கே போகும். ஆறாவது படிக்கும்போது பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கு, அஞ்சலகக் கணக்கு, கல்லூரியில் திறந்த கணக்கு என்று மூன்று இருந்தால், பணம் எங்கே போயிற்று என்று தேடவே ஒரு மாதம் ஆகும். பல ஆண்டு வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்காக இருந்தால் வந்த பணம் திரும்பிவிடும். "ஆதார் லிங்க் ஆகிடுச்சா?" என்று வங்கியில் கேட்டால் ஆகிவிட்டது என்பார்கள். கேட்க வேண்டியது அதுவல்ல. "பணம் வர்றதுக்கு சீடிங் எந்தக் கணக்குல இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

முதல் ஆண்டு வாங்கிவிட்டோம், இனித் தானாக வரும் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் நிறைய. மாநிலத்தின் திட்டங்கள் இப்போது கல்லூரி மாணவர் பதிவுக்கான யூஎம்ஐஎஸ் தளம் வழியாக நடக்கின்றன. கல்லூரி ஒவ்வொரு ஆண்டும் மாணவரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் மெரிட் உதவித்தொகையில், பிளஸ் டூ வாரியத்தின் மேல் 20 சதவீதத்தில் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்கு. அடுத்த ஆண்டு தொடர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் வேண்டும். அறுவடைக்கு ஆள் இல்லை என்று தையில் பத்து நாள் லீவு போடுகிற பையனுக்கு இந்த 75 கையைக் கடிக்கும். புதுப்பித்தல் எவ்வளவு ஈவிரக்கமற்றது என்பதற்கு நமக்குப் பக்கத்து ஊரே சாட்சி. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதைக் கண்டுகொள்ளாததால் அதை இழந்தார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுக்கும்வரை அவர் பட்ட பாடு ஊரறிந்தது. விதி விதிதான். ஆனால் ஒரு தடவை விழுந்தவனுக்கு மறு வாய்ப்பு தருகிற விதி எந்தத் திட்டத்திலும் போதிய அளவு இல்லை என்பது நூற்றிருபது வருஷத்துக் குறை.

அதிகம் பேசப்படாத இடங்களும் இருக்கின்றன. சிறு, குறு விவசாயிகள், விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் கல்வி உதவி உண்டு. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள் என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவர், தையல்காரர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் வாரியம் இருக்கிறது. தொகை சில ஆயிரம்தான், ஆனால் இவற்றைக் கேட்கப் போட்டி குறைவு. ஒரே நிபந்தனை, பிள்ளை கல்லூரியில் சேரும் முன்பே பெற்றோர் வாரியத்தில் பதிந்து, புதுப்பித்தும் இருக்க வேண்டும். தனியார் அறக்கட்டளைகளில் நடிகர் சூர்யாவின் அகரம் ஊரறிந்தது. ரிலையன்ஸ் அறக்கட்டளை இளநிலை மாணவர் 5,000 பேருக்கு ஆண்டுதோறும் தருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் தேர்வு வைக்கிற அந்த வழியில் நம் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளோடு ஓடவேண்டியிருக்கும். ஓடக் கூடாது என்றில்லை. அதையே நம்பி அரசுத் திட்டத்தின் தேதியை விட்டுவிடக் கூடாது.

எதுவும் போதாதபோது வங்கிக் கடன். நாட்டிலேயே கல்விக் கடன் அதிகம் வாங்கும் மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. நான்கு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும், ஆனால் அந்த மானியத்துக்குத் தகுதியான படிப்பா, கல்லூரிக்கு அங்கீகாரத் தர மதிப்பீடு இருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் உயர் தரவரிசைக் கல்லூரிகளுக்கு மட்டும். உள்ளூர்க் கிளையில் "விதி அப்படித்தான், ஆனால் மேனேஜர் ஒத்துக்கல" என்று சொன்னால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதி மறுப்புகள் யோசனையாக மாறிவிடும்.

செய்யக்கூடியது ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. பிளஸ் டூ முடிவு கடந்த சில ஆண்டுகளாக மே முதல் வாரத்தை ஒட்டியே வருகிறது. 2023-லும் 2025-லும் மே 8, 2024-ல் மே 6. அதற்கு ஒரு வாரம் முன்னால், மே 1 அன்று, ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. மயிலாடுதுறை, சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடி என்று நான்கு வட்டத்தில் அந்த ஊர்களில் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் யார் என்று விஏஓவுக்கே தெரியும். அன்றைக்கு ஈ-சேவை ஆபரேட்டரைக் கூட்டத்துக்கு அழைத்து, வருமானம், சாதி, முதல் பட்டதாரி மூன்றுக்கும் அங்கேயே விண்ணப்பம் பதிந்தால், மாத முடிவுக்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அதற்குத் தனி நிதியும் புதுச் சட்டமும் தேவையில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டு, வட்டாட்சியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது வேறு: கலந்தாய்வில் வந்த, உதவித்தொகைக்குத் தகுதி உள்ள பிள்ளையிடம் கல்விக் கட்டணத்தைத் தை அறுவடை வரைக்கும் கேட்காமல் இருப்பது.